வீட்டு வழங்கிக்கான இயங்குதளம்

வீட்டு வழங்கி என்பது, ஒரு வீட்டிலுள்ளவர்களின் கோப்புகள், ஒளிப்படங்கள், நிகழ்படங்கள் முதலியவற்றைச் சேமித்து, அவ்வீட்டின் பிற கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் வலையமைப்பு வழியாக வழங்கும் கணினி ஆகும். அக்கணினியின் வன்பொருளை மேலாண்மை செய்து, வழங்கி மென்பொருள்களை இயக்கும் அடிப்படை மென்பொருளே அதன் இயங்குதளம். குனூ/லினக்சு வழங்கல்கள், ஃபிரீபிஎஸ்டி, மைக்ரோசாஃப்ட் விண்டோசு ஆகியவை இதற்குப் பயன்படும் முதன்மையான இயங்குதளங்கள் ஆகும்.

இவற்றுள் பல கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எனினும் உரிமக் கட்டணம் இல்லை என்பதனால் மட்டும் ஓர் இயங்குதளம் மலிவானதாகிவிடாது. பாதுகாப்பு இற்றைகள் கிடைக்கும் காலம், மின்தடையைத் தாங்கும் திறன், கணினி இழுக்கும் மின்சாரம், பழுது நேர்ந்தால் வீட்டிலுள்ளவரே சரிசெய்யக்கூடிய எளிமை ஆகியவையும் செலவைத் தீர்மானிக்கின்றன. மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த வைகைச் சமவெளி ஊர்களிலும் உள்ள மின்வழங்கல், கோடை வெப்பம், இணைய இணைப்பு ஆகிய நிலைமைகளைக் கொண்டு இத்தெரிவை இக்கட்டுரை விளக்குகின்றது.

## பயன்பாடுகள்

வீட்டு வழங்கியின் முதன்மைப் பணி கோப்புச் சேமிப்பு ஆகும். குடும்ப ஒளிப்படங்கள், பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று போன்றவற்றின் வருடிய படிகள், சிறு கடைகளின் கணக்குகள், மாணவர்களின் செயல்திட்டங்கள் ஆகியன பெரும்பாலும் ஒரே கைபேசியிலோ ஒரே வன்தட்டிலோ இருக்கின்றன. அக்கருவி பழுதடைந்தால் அவை மீளக் கிடைப்பதில்லை. இவற்றை ஓரிடத்தில் திரட்டிப் படியெடுத்து வைக்க வழங்கி உதவுகின்றது.

இதற்கான கட்டற்ற மென்பொருள்கள் பலவுள்ளன. சாம்பா என்பது லினக்சுக் கணினியிலுள்ள கோப்புறைகளை விண்டோசுக் கணினிகள் பயன்படுத்துமாறு பகிர்கின்றது. இதனை ஆத்திரேலியரான ஆண்ட்ரூ திரிட்செல் 1992இல் எழுதத் தொடங்கினார். 2016இல் ஓன்கிளவுடிலிருந்து கிளைத்த நெக்சுட்கிளவுடு கோப்புகள், நாட்காட்டி, தொடர்பு முகவரிகள் ஆகியவற்றைக் கைபேசியுடன் ஒத்திசைக்கின்றது. 2018இல் தோன்றிய செல்லிஃபின் நிகழ்படங்களைத் தொலைக்காட்சிக்கு வழங்குகின்றது. இம்மூன்றும் லினக்சில் இயல்பாக இயங்குகின்றன.

## வரலாறு

### உலக அளவில்

ரிச்சர்டு சுடால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டமும், லினசு டோர்வால்டுசு 1991இல் வெளியிட்ட லினக்சுக் கருனியும் இணைந்ததால் கட்டணமற்ற முழுமையான இயங்குதளம் உருவாயிற்று. 1993இல் டெபியன், ஃபிரீபிஎஸ்டி ஆகிய இரு திட்டங்களும் தொடங்கின. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவின் முதற் பதிப்பு 2004 அக்டோபரில் வெளியானது.

வீட்டு வழங்கிக்கெனவே உருவான இயங்குதளங்கள் பின்னர் வந்தன. ஃபிரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்ட ஃபிரீநாசு 2005இல் தோன்றியது. இதுவே பின்னர் துரூநாசு எனப் பெயர் மாறியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2007இல் விண்டோசு ஹோம் சர்வரை வெளியிட்டது. அதன் முதற் பதிப்பில், பல வன்தட்டுகள் கொண்ட வழங்கியில் உள்ள கோப்புகளைச் சில மென்பொருள்களின் வழியே நேரடியாகத் திருத்தும்போது அவை சிதையும் வழு இருந்தது. 2008 சூலையில் வெளியான இற்றைத் தொகுப்பில் அது களையப்பட்டது. அடுத்த பதிப்பான ஹோம் சர்வர் 2011உடன் அவ்வரிசை முடிவுற்றது. அதற்கான ஆதரவு 2016 ஏப்ரலில் நின்றது.

### தமிழ்நாட்டில்

2000களில் தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கு லினக்சு இறுவட்டுகள் வழியாகவே அறிமுகமாயிற்று. அகலப்பட்டை இணைப்பு அரிதாக இருந்த அக்காலத்தில், உபுண்டு திட்டம் கேட்பவர் முகவரிக்கு இறுவட்டுகளை அஞ்சற் செலவும் பெறாமல் அனுப்பி வந்தது. இச்சேவை 2005 முதல் 2011 வரை நடைபெற்றது. 2003இல் தொடங்கிய லினக்சு ஃபார் யூ என்னும் ஆங்கில இதழும் லினக்சு வட்டுகளை இணைத்து வெளியிட்டது.

2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தையும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையத்தையும் கொண்டு அமைக்கப்பட்டது. இதன் பயனாக, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்சு 2007இல் வெளியானது. இது தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்கது. ஏறத்தாழ அதே காலத்தில், தமிழ்நாடு மின்னணுவியல் கழகமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றியது. பள்ளிகளுக்காக வாங்கப்பட்ட கணினிகளிலும் சூசே லினக்சு நிறுவப்பட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது.

### மேலூர்ப் பட்டறிவு

குறைந்த செலவில் கணினியை நெடுங்காலம் இயக்குவது தொடர்பாக மதுரை மாவட்டத்தில் நன்கு ஆராயப்பட்ட முயற்சி ஒன்று உண்டு. 2001இல் மேலூர் வட்டாரச் சிற்றூர்களில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகிய அமெரிக்கக் கல்வி நிறுவனங்களும் பங்கேற்ற சாரி திட்டம் தொடங்கப்பட்டது. கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் வழியே இணைய மையங்கள் நிறுவப்பட்டன. சில ஆண்டுகளில் அவற்றுள் பல மூடப்பட்டன. இதனை ஆராய்ந்தவர்கள், நிதி நிலைத்தன்மை இன்மையுடன் தொடர்ந்த தொழில்நுட்ப உதவி கிடைக்காமையையும் காரணமாகக் கண்டனர். பயிற்சி பெற்ற உரிமையாளரும் இயக்குநரும் இருந்த மையங்கள் கூடுதல் காலம் நிலைத்தன.

அவை வீட்டு வழங்கிகள் அல்ல எனினும், அங்கு தெரிந்த உண்மை இங்கும் பொருந்தும். ஒரு கணினியை நிறுவும் நாளில் ஆகும் செலவைவிட, மூன்றாம் ஆண்டில் அது நின்றுபோகும்போது அதனைச் சரிசெய்யத் தெரிந்தவர் அருகில் இருக்கின்றாரா என்பதே அதன் வாழ்நாளைத் தீர்மானிக்கின்றது.

## இயங்குதள வகைகள்

* டெபியன் – தன்னார்வலர்களால் பேணப்படுவது. உரிமக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு நிலையான பதிப்புக்கும் மூன்று ஆண்டு முழு ஆதரவும், அதன்பின் இரண்டு ஆண்டு நீள்கால ஆதரவும் கிடைக்கின்றன. வரைகலை இடைமுகம் இன்றி நிறுவினால் 1 கிகாபைட்டு நினைவகமுள்ள கணினியிலும் கோப்பு வழங்கியாக இயங்கும். 2023இல் வெளியான 12ஆம் பதிப்பே பழைய 32 பிட்டுக் கணினிகளில் நேரடியாக நிறுவத்தக்க கடைசிப் பதிப்பு ஆகும். 2025 ஆகத்தில் வெளியான 13ஆம் பதிப்புக்கு அவற்றுக்கான நிறுவி இல்லை.
* உபுண்டு சர்வர் – இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீள்கால ஆதரவுப் பதிப்பு வெளியாகின்றது. ஆதரவு ஐந்து ஆண்டுகள். தனிநபர்கள் ஐந்து கணினிகள் வரை கட்டணமின்றிப் பதிவு செய்து இதனைப் பத்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். நிறுவும் முறை டெபியனைவிடச் சற்று எளிது. நினைவகத் தேவை சற்றுக் கூடுதல்.
* பாஸ் லினக்சு – டெபியனின் கட்டளைகளும் பொதிமுறையும் இதற்கும் பொருந்தும். இந்திய மொழி வசதிகள் இதன் சிறப்பு. டெபியனின் புதிய பதிப்பு வந்தபின் அதனைத் தழுவிய பாஸ் பதிப்பு வருவதற்குக் காலம் பிடிக்கும் என்பதால், இற்றைகள் எதுவரை கிடைக்கும் என்பதை நிறுவுமுன் அறிதல் வேண்டும்.
* அல்மாலினக்சு, ராக்கி லினக்சு – ரெட் ஹாட்டு நிறுவன லினக்சுடன் ஒத்தியங்குபவை, 2021இல் வெளியாயின. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழப் பத்து ஆண்டு ஆதரவு உண்டு.
* ஃபிரீபிஎஸ்டி – லினக்சு அன்று. யுனிக்சு மரபில் வந்தது. இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமை இதனுடன் இணைந்தே வருகின்றது. வன்பொருள் ஆதரவு, குறிப்பாக மடிக்கணினிகளின் வை-ஃபை ஆதரவு, லினக்சைவிடக் குறைவு.
* துரூநாசு, ஓப்பன்மீடியாவால்ட்டு – வலை உலாவி வழியாகவே மேலாண்மை செய்யத்தக்க சேமிப்பக இயங்குதளங்கள். துரூநாசுக்கு 8 கிகாபைட்டு நினைவகமேனும் தேவை. எனவே பழைய கணினிகளுக்கு ஏற்றதன்று. டெபியனை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்மீடியாவால்ட்டு 2011இல் வெளியானது. இது குறைந்த நினைவகத்திலும் இயங்கும்.
* ராசுபெரி பை ஓ.எஸ். – 2012இல் அறிமுகமான ராசுபெரி பை ஒற்றைப் பலகைக் கணினிகளுக்கானது. இதுவும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.
* விண்டோசு – வீட்டில் ஏற்கனவே உள்ள விண்டோசுக் கணினியையே கோப்பு வழங்கியாக்கலாம். விண்டோசு 10, 11 ஆகியவற்றின் உரிமம், 20 கருவிகள் வரை கோப்புப் பகிர்வுக்கு இணைய இடமளிக்கின்றது. புதிதாக உரிமம் வாங்க வேண்டியிருப்பின் செலவு மிகுதி. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோசு 10க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோசு 11இன் வன்பொருள் தேவைகளை நிறைவு செய்யாத கணினிகள் பல இதனால் இற்றைகளின்றி நின்றன. அக்கணினிகளில் லினக்சு நன்கு இயங்குகின்றது.

### ஆதரவுக் காலத்தின் முதன்மை

வழங்கி நாள் முழுவதும் வலையமைப்பில் இணைந்திருப்பதால், பாதுகாப்பு இற்றைகள் நின்றுபோன இயங்குதளத்தை அதில் வைத்திருத்தல் கேடு தரும். 2017 மே மாதத்தில் பரவிய வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல், விண்டோசின் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியது. ஆதரவிலிருந்த விண்டோசுப் பதிப்புகளுக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அதனை நிறுவாதவர்களும், ஆதரவு முடிந்த பதிப்புகளை வைத்திருந்தவர்களுமே பாதிக்கப்பட்டனர்.

கட்டற்ற மென்பொருளுக்கும் இவ்வரையறை உண்டு. வழங்கிகளில் பரவலாகப் பயன்பட்ட சென்டோசு லினக்சின் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு எதிர்பார்க்கப்பட்டது. 2020 திசம்பரில் திட்டம் மாற்றப்பட்டு, 2021 இறுதியிலேயே அது நிறுத்தப்பட்டது. பயனர்கள் வேறு வழங்கலுக்கு மாற நேர்ந்தது. எனவே ஒரு வழங்கல் இலவசமா என்பதுடன், அது யாரால் எத்தனை ஆண்டுகள் பேணப்பட்டு வந்துள்ளது என்பதையும் காணவேண்டும்.

## மின்தடையும் கோப்பு முறைமையும்

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் கடுமையான மின்பற்றாக்குறை நிலவியது. 2012இல் அது உச்சத்தை எட்டியபோது, சென்னையில் இரண்டு மணி நேர மின்தடையும், மதுரை உள்ளிட்ட பிற மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலான மின்தடையும் இருந்தன. பின்னர் நிலைமை சீரடைந்தது. எனினும் துணைமின் நிலையங்களின் பராமரிப்புக்கான பகல்நேர மின்நிறுத்தங்களும், மழை, காற்றுக் காலங்களில் ஏற்படும் திடீர்த் தடைகளும் தொடர்கின்றன.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்பு மட்டுமன்றிக் கோப்புகளின் அட்டவணையும் சிதையலாம். இதனைத் தடுப்பதில் கோப்பு முறைமைகள் வேறுபடுகின்றன.

* ஃபேட்32, எக்சுஃபேட் – மாற்றங்களைப் பதியும் குறிப்பேடு இல்லை. வழங்கியின் முதன்மைச் சேமிப்புக்கு ஏற்றவை அல்ல.
* எக்சுடி4 – 2008 இறுதியில் லினக்சுக் கருனியில் நிலையானதாகச் சேர்க்கப்பட்டது. செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதால், மின்சாரம் திரும்பியதும் சில நொடிகளில் அட்டவணை சீராகின்றது. ஆயினும் அவ்வேளையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பின் கடைசிப் பகுதி இழக்கப்படலாம்.
* இசட்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ். – பழைய தரவின்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதி, முடிந்தபின் சுட்டியை மாற்றுகின்றன. ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்திருப்பதால், வன்தட்டு ஓசையின்றித் தவறான தரவைத் தந்தாலும் கண்டுபிடிக்கின்றன.

வீடுகளில் பொதுவாக உள்ள இன்வெர்ட்டர், மின்கலம் தீரப்போவதைக் கணினிக்கு அறிவிப்பதில்லை. கணினியுடன் இணைக்கும் தரவுக் கம்பி பெரும்பாலானவற்றில் இராது. எனவே நீண்ட மின்தடையில் மின்கலம் தீர்ந்ததும் வழங்கி முன்னறிவிப்பின்றி அணைகின்றது. யூ.எஸ்.பி. இணைப்புள்ள யூ.பி.எஸ். இருந்தால், நட் என்னும் கட்டற்ற மென்பொருள் மின்கல அளவைப் படித்து, உரிய நேரத்தில் இயங்குதளத்தை முறையாக நிறுத்தும். இன்வெர்ட்டரை மட்டும் நம்புவோர், அதன் நிலைமாற்றியை 'யூ.பி.எஸ்.' நிலையில் வைத்தல் வேண்டும். மற்ற நிலையில் மின்மாற்றம் மெதுவாக நிகழ்வதால் மேசைக் கணினி மறுதொடக்கம் ஆகிவிடலாம். திசைவியும் அதே மின்சுற்றில் இருத்தல் நன்று.

மின்சாரம் திரும்பியதும் கணினி தானே தொடங்குமாறு செய்வதற்கான அமைப்பு, மேசைக் கணினிகளின் பயாசில் உண்டு. அவ்வாறு தொடங்கும்போது வெளிப்புற வன்தட்டு ஏதேனும் இணைந்திராவிட்டால், டெபியன், உபுண்டு ஆகியவை அதற்காகக் காத்திருந்து பின் அவசர நிலையில் நின்றுவிடக்கூடும். வன்தட்டுகளின் பட்டியற் கோப்பான எஃப்எஸ்டேபில் அத்தட்டுக்கான வரியில் 'நோஃபெயில்' என்னும் விருப்பத்தைச் சேர்த்தால் இது நிகழாது.

## மின்செலவும் வெப்பமும்

வழங்கி நாள் முழுவதும் இயங்குவதால், அதன் மின்திறன் சிறிதாயினும் கணக்கில் பெருகுகின்றது. கீழுள்ள அட்டவணை, இடைவிடாது இயங்கும் கணினியின் மின்நுகர்வைத் தருகின்றது. கணினி இழுக்கும் திறன் மாதிரிக்கு மாதிரி வேறுபடும்.

| கணினி (எடுத்துக்காட்டு) | திறன் | ஒரு நாளுக்கு | 60 நாட்களுக்கு |
|---|---|---|---|
| ஒற்றைப் பலகைக் கணினி | 5 வாட்டு | 0.12 அலகு | 7.2 அலகு |
| திரை அணைந்த மடிக்கணினி | 15 வாட்டு | 0.36 அலகு | 21.6 அலகு |
| பழைய மேசைக் கணினி | 60 வாட்டு | 1.44 அலகு | 86.4 அலகு |
| பழைய வரைகலை அட்டையுடன் கூடிய மேசைக் கணினி | 100 வாட்டு | 2.4 அலகு | 144 அலகு |

தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல், வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதக் கணக்கீட்டில் முதல் 100 அலகுகள் கட்டணமின்றி வழங்கப்பட்டன. 60 வாட்டு இழுக்கும் பழைய மேசைக் கணினி ஒன்றே ஏறத்தாழ இதற்கு ஈடான மின்சாரத்தை நுகர்ந்துவிடும். பயன்பாடு கூடக்கூட அலகு ஒன்றின் விலையும் உயரும் படிநிலைக் கட்டண முறையில், இக்கூடுதல் நுகர்வு வீட்டின் மொத்தக் கட்டணத்தை மேற்படிக்குத் தள்ளிவிடலாம். எனவே இலவசமாகக் கிடைத்த பழைய மேசைக் கணினி, சில ஆண்டுகளில் விலை கொடுத்து வாங்கிய சிறு கணினியைவிடச் செலவு மிக்கதாகலாம்.

இயங்குதளத்துக்கும் இதில் பங்குண்டு. வரைகலை இடைமுகம் நிறுவாதிருத்தல், பயன்படாதபோது செயலியின் வேகத்தைக் குறைத்தல், நெடுநேரம் தொடப்படாத வன்தட்டின் சுழற்சியை நிறுத்துதல் ஆகியவற்றை லினக்சில் எளிதாக அமைக்கலாம்.

மதுரையில் கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கம். வீட்டுப் பயன்பாட்டுக்கான வன்தட்டுகளின் இயக்க வெப்ப வரம்பு பொதுவாக 60 பாகை ஆகும். காங்கிரீட்டுத் தளத்தின் கீழுள்ள பரண், மூடிய மர அலமாரி ஆகியன வழங்கிக்கு ஏற்ற இடங்கள் அல்ல. சுமார்ட்மான்டூல்சு என்னும் மென்பொருள் வன்தட்டின் வெப்பநிலையையும், பழுதடைந்து ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையையும் காட்டும். அவ்வெண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் வன்தட்டை மாற்றவேண்டும்.

## பழைய மடிக்கணினியை வழங்கியாக்கல்

பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட மடிக்கணினி, தமிழ்நாட்டுச் சூழலுக்குப் பொருத்தமான வீட்டு வழங்கி எனலாம். அது குறைந்த மின்சாரத்தில் இயங்குகின்றது. அதன் மின்கலம், மேசைக் கணினிக்குத் தனியே வாங்கவேண்டிய யூ.பி.எஸ்.இன் பணியைச் செய்கின்றது. மேலும், மின்கலத்தின் அளவை இயங்குதளம் நேரடியாக அறிவதால், தீரும் தறுவாயில் வழங்கியை முறையாக நிறுத்தமுடிகின்றது. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகள் பலவற்றில் 2 கிகாபைட்டு நினைவகமே இருந்தது. இன்றைய வரைகலைப் பயன்பாட்டுக்கு அது போதாது. கட்டளைவரியில் இயங்கும் கோப்பு வழங்கிக்குப் போதுமானது.

இதில் கவனிக்க வேண்டியவை:

* செயலி 64 பிட்டா எனப் பார்த்தல். 2011க்குப் பிந்தைய பெரும்பாலான மடிக்கணினிகள் அவ்வகையின.
* மூடியை மூடினால் கணினி உறங்கிவிடாதவாறு, இயங்குதளத்தின் லாகின்டி அமைப்புக் கோப்பில் மாற்றம் செய்தல்.
* இயன்றவரை வை-ஃபைக்கு மாற்றாகக் கம்பி இணைப்பைப் பயன்படுத்துதல்.
* மின்கலம் வீங்கியுள்ளதா என அவ்வப்போது பார்த்தல். எப்போதும் மின்னேற்றத்திலும் வெப்பத்திலும் இருக்கும் லித்தியம் அயனி மின்கலம் வீங்கக்கூடும். வீங்கியதைப் பயன்படுத்தலாகாது, குத்தவோ அழுத்தவோ கூடாது.
* மின்கலம் முற்றிலும் தீர்ந்து அணைந்தபின், பல மடிக்கணினிகள் மின்சாரம் வந்ததும் தாமாகத் தொடங்குவதில்லை என்பதை நினைவிற்கொள்ளுதல்.

## தமிழ்க் கோப்புப் பெயர்கள்

லினக்சு வழங்கல்கள் யூடிஎஃப்-8 குறிமுறையைப் பயன்படுத்துவதால் தமிழில் கோப்புப் பெயர் இடலாம். ஆனால் எக்சுடி4 கோப்பு முறைமையில் ஒரு பெயரின் நீளம் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியுரு ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்கின்றது. உயிர்மெய்யில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியுருக்கள். 'மீனாட்சி' என்னும் நான்கெழுத்துப் பெயர் 8 குறியுருக்களாக 24 பைட்டு கொள்கின்றது. அதனையே உரோம எழுத்தில் எழுதினால் 9 பைட்டு போதும். எனவே தமிழ்ப் பெயர் 85 குறியுருக்களுக்குள் அமையவேண்டும். ஈகிரிப்டுஎஃப்எஸ் முறையில் மறைகுறியிடப்பட்ட கோப்புறையில் எல்லை 143 பைட்டு. அதாவது 47 தமிழ்க் குறியுருக்கள்.

விண்டோசின் என்.டி.எஃப்.எஸ். நீளத்தைப் பைட்டில் அளவிடாமல், தமிழ்க் குறியுரு ஒவ்வொன்றையும் ஓர் அலகாகக் கொண்டு 255 வரை ஏற்கின்றது. ஆகவே அங்குள்ள நீண்ட தமிழ்ப் பெயருடைய கோப்புகள் லினக்சு வழங்கிக்குப் படியெடுக்கையில் பிழை காட்டக்கூடும். படியெடுப்பு முடிந்தபின் இரு பக்கத்துக் கோப்பு எண்ணிக்கையையும் ஒப்பிடாமல் பழைய வன்தட்டை அழித்தலாகாது.

மற்றொரு சிக்கலும் உண்டு. 'கொ' போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை ஒரே குறியுருவாகவோ, கொம்பு, கால் என இரு குறியுருக்களாகவோ எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. லினக்சு இவற்றை வெவ்வேறு பெயர்களாகக் கொள்வதால், ஒரே பெயரில் இரு கோப்புகள் இருப்பதுபோல் தோன்றக்கூடும்.

## இணைய இணைப்பும் பாதுகாப்பும்

வீட்டுக்கு வெளியிலிருந்து வழங்கியை அணுக வேண்டுமாயின், அவ்வீட்டுக்குப் பொது ஐ.பி. முகவரி வேண்டும். நான்காம் பதிப்பு முகவரிகளின் பற்றாக்குறையால், இணையச் சேவை நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. திசைவியின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் இம்முறை நடப்பிலுள்ளது என அறியலாம். அந்நிலையில் திசைவியின் துறையைத் திறந்துவிடுதல் பயன் தராது. ஆறாம் பதிப்பு முகவரியைப் பயன்படுத்துதல், கட்டணம் செலுத்தி நிலையான முகவரி பெறுதல், பொது முகவரியுள்ள வேறொரு கணினி வழியாக மெய்நிகர் தனியார் வலையமைப்பு அமைத்தல் ஆகியன மாற்று வழிகள். வயர்கார்டு என்னும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு 2020 மார்ச்சு முதல் லினக்சுக் கருனியின் பகுதியாகவே உள்ளது.

வழங்கியின் மேலாண்மைப் பக்கத்தையோ கோப்புப் பகிர்வையோ இணையத்தில் நேரடியாகத் திறந்துவைத்தல் தவறு. 2022இல் டெட்போல்ட்டு என்னும் பணயத் தீநிரல், இணையத்தில் திறந்திருந்த வீட்டுச் சேமிப்பகக் கருவிகளைத் தாக்கிக் கோப்புகளைப் பூட்டியது. குறைந்த அளவாகப் பின்வருவன தேவை:

* பாதுகாப்பு இற்றைகள் தாமாக நிறுவப்படுமாறு செய்தல். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இதற்கெனப் பொதி உண்டு.
* எஸ்.எஸ்.எச். நுழைவுக்குக் கடவுச்சொல்லை நீக்கித் திறவியைப் பயன்படுத்துதல்.
* தீயரணில் தேவையான துறைகளை மட்டும் அனுமதித்தல்.
* குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு அமைத்தல்.

## காப்புப் படிகள்

எந்த இயங்குதளமும் காப்புப் படிக்கு ஈடாகாது. இரு வன்தட்டுகளில் ஒரே தரவை எழுதும் ரெய்டு முறை, ஒரு தட்டு பழுதடையும்போது உதவும். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். இடி மின்னலால் வரும் மின்னழுத்த உயர்வு இரண்டையும் ஒருசேரப் பழுதாக்கலாம்.

மூன்று படிகள், இரு வகைக் கருவிகள், ஒரு படி வேறிடத்தில் என்பது பரவலாகக் கூறப்படும் விதி. நகரில் வழங்கி வைத்திருப்பவர், திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒரு வெளிப்புற வன்தட்டை வைத்து, ஊருக்குச் செல்லும்போதெல்லாம் புதுப்பித்து வந்தால் மாதக் கட்டணமின்றி இவ்விதி நிறைவேறும். ஆர்சிங்க், போர்க்பேக்கப் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் மாறிய பகுதிகளை மட்டும் படியெடுக்கின்றன. போர்க்பேக்கப் மறைகுறியிடவும் வல்லது. காப்புப் படியிலிருந்து சில கோப்புகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்தல் வேண்டும்.

## தெரிவு

மேற்கண்டவற்றின் அடிப்படையில், வீட்டின் நிலைமைக்கேற்பப் பின்வருமாறு தெரிவு செய்யலாம்.

1. 2 கிகாபைட்டு வரை நினைவகமுள்ள பழைய மடிக்கணினி அல்லது மேசைக் கணினி – வரைகலை இடைமுகமற்ற டெபியன், எக்சுடி4 கோப்பு முறைமையுடன்.
2. 4 கிகாபைட்டு நினைவகம். கட்டளைவரியில் பழக்கமில்லாதவர் – ஓப்பன்மீடியாவால்ட்டு. புதிதாகக் கற்க விரும்பும் மாணவர்க்கு உபுண்டு சர்வர்.
3. 8 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகம்; இரண்டு அல்லது கூடுதலான வன்தட்டுகள்; யூ.பி.எஸ். – துரூநாசு, அல்லது இசட்.எஃப்.எஸ். உடன் உபுண்டு.
4. ஒற்றைப் பலகைக் கணினி – ராசுபெரி பை ஓ.எஸ். மின்தடையின்போது நினைவட்டை எளிதில் சிதையும் என்பதால், தரவை வெளிப்புற வன்தட்டில் வைத்தல் வேண்டும்.
5. வீட்டில் விண்டோசு மட்டுமே தெரிந்தவர் – ஆதரவிலுள்ள விண்டோசுக் கணினியில் கோப்புறைப் பகிர்வும், தனி வன்தட்டில் காப்புப் படியும்.

முதல் நான்கு தெரிவுகளும் பெரும்பாலும் டெபியன் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றில் கற்ற கட்டளைகள் மற்றொன்றிலும் பயன்படுவதும், பாஸ் லினக்சு வழியாகவோ கல்லூரி ஆய்வகத்தில் உபுண்டு வழியாகவோ அவற்றை அறிந்தவர்கள் அக்கம்பக்கத்தில் கிடைப்பதும் இக்குடும்பத்தின் நன்மைகள். 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் குறித்த கட்டுரைகளைத் தமிழில் வெளியிட்டு வருகின்றது.

நிறுவியவர் வெளியூருக்குப் படிக்கவோ வேலைக்கோ செல்லும்போது வழங்கி கைவிடப்படுவது பொதுவான நிகழ்வு. எனவே இயங்குதளத்தின் பெயர், பதிப்பு, ஆதரவு முடியும் நாள், வன்தட்டுகளின் விவரம், காப்புப் படி இருக்குமிடம், கோப்புகளை மீட்கும் முறை ஆகியவற்றைத் தாளில் தமிழில் எழுதிக் கணினியின் அருகில் வைத்தலும், கடவுச்சொல்லைக் குடும்பத்தில் மற்றொருவர் அறியச் செய்தலும் நிறுவற் பணியின் பகுதியாகவே கொள்ளத்தக்கன.

## இவற்றையும் பார்க்க

* கட்டற்ற மென்பொருள்
* லினக்சுக் கருனி
* டெபியன்
* பாஸ் லினக்சு
* கோப்பு முறைமை
* ஒருங்குறி